யானைக்கவுனி ஏற்றம்

குந்திவிட்டேன். முப்பத்தாறு வருஷமாகக் குந்தாதவள் இன்றைக்குக் காலை ஒன்பதே காலுக்கு, சந்தில் இத்தனை பேர் பார்க்க, என் வீட்டுக்காரர் எதிராஜின் சைக்கிள் ரிக்ஷாவில் குந்திவிட்டேன். ஏறினேன் என்று சொன்னால் பொய். இடுப்பில் ஒரு கையும் முட்டிக்குக் கீழே ஒரு கையும் கொடுத்து இவர்தான் தூக்கி வைத்தார், மூட்டையை வைப்பதுபோல இல்லை, கண்ணாடிச் சாமான் வைப்பதுபோல மெதுவாக, வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் போய் நின்று பார்த்தார், சாய்வாக இருக்கிறேனா நேராக இருக்கிறேனா என்று. இடது கால் தலையணைமேல். கட்டு முழங்கால் வரைக்கும் இல்லை, கணுக்கால் வரைக்கும்தான், ஆனால் பார்க்கிறவர்களுக்குக் காலே போய்விட்ட மாதிரித் தெரியும்போல, எதிர்வீட்டுப் பெண் உச்சுக் கொட்டினாள், அவள் உச்சுக் கொட்டினது காலுக்கா, நான் ரிக்ஷாவில் குந்தினதுக்கா என்று தெரியவில்லை. "மகாராணி கெளம்பிட்டாங்கோ" என்று யாரோ சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏன் குனியவேண்டும்? போன இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் மகள் சரளா அம்பத்தூரிலிருந்து லீவு போட்டு வந்து, அவளும் இவருமாகக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் போய் ஆட்டோவில் ஏற்றினார்கள். எங்கள் சந்தில் ஆட்டோ வராது, கைவண்டி வரும், இந்த வண்டி வரும், ஒரு மாடு வரும், எதிரில் இன்னொரு மாடு வந்தால் ஒன்று பின்னால் போகவேண்டும். இன்றைக்குச் சரளாவுக்கு லீவு இல்லை. நேற்றே இவர் வண்டியைத் தேங்காய்நார் போட்டுக் கழுவினார், சீட்டைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார், எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. கால் இருக்கிற லட்சணத்தில் வேறு எதில் போவது, என்ன சொல்லி மறுப்பது.

எவ்வளவு உயரமாக இருக்கிறது. தங்கசாலைத் தெருவில் இத்தனை வருஷம் நடந்திருக்கிறேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைகளின் வாசல்படியும் ஜனங்களின் முதுகும்தான், இப்போது கடைக்குள்ளே மேல்தட்டில் என்ன அடுக்கியிருக்கிறார்கள் என்று தெரிகிறது, பித்தளைக் குடம், அதற்கு மேல் சாமி படம், அதற்கும் மேல் யாரும் எடுக்காத ஒரு பழைய மின்விசிறி. மனுஷன் தலைகள் எல்லாம் எனக்குக் கீழே போகின்றன. சேட்டு வீட்டுப் பெண் ஒருத்தியின் வகிட்டில் குங்குமம் சரிந்திருப்பது தெரிகிறது, கூப்பிட்டுச் சொல்லலாமா என்று நினைப்பதற்குள் வண்டி தாண்டிவிட்டது. ஜிலேபி சுடுகிறார்கள். அந்த வாசனை வந்ததும் நாக்கில் தண்ணீர் ஊறுகிறது, ஊறினதும் பயம் வருகிறது, இந்த இனிப்புதானே விரலைத் தின்கிறது. எனக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம். காலில் உணர்ச்சி எப்போது போனது என்று தெரியாது, அது சொல்லிக்கொண்டு போகவில்லை. ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடையில் கவர் ஒட்டுகிறேன், மைதா பசை, மஞ்சள் தடவின மூலை, ஒரு நாளைக்கு ஆயிரம் கவர். காகிதக் கட்டைச் சுற்றி வரும் தகரப் பட்டை தரையில் கிடந்தது, மிதித்திருக்கிறேன். வலிக்கவில்லை. கூட வேலை செய்கிற தில்ஷாத்தான் கத்தினாள், "அக்கா, தரையெல்லாம் ரத்தம், யாரு கால்ல பட்டுது?" என்று. நானும் குனிந்து மற்றவர்கள் காலைப் பார்த்தேன். என் கால் என்று எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பாக வருகிறது. சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும். கறுத்துக்கொண்டு போனால் எடுத்துவிடவேண்டும் என்று போன வாரம் டாக்டரம்மா சொன்னார். இன்றைக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்துச் சொல்வார்களாம்.

இவர் முதுகு. இதை நான் வீட்டில் பார்த்திருக்கிறேன், குளிக்கும்போது தேய்த்துவிட்டிருக்கிறேன், ஆனால் வேலை செய்கிறபோது பார்த்ததில்லை. இடது தோள் சற்றுத் தூக்கல். சட்டையில் நடுவே ஒரு ஈரக்கோடு உண்டாகி அது மெதுவாக இரண்டு பக்கமும் பரவுகிறது. ஊரில் எத்தனை பேர் இந்த முதுகைப் பார்த்துக்கொண்டே போயிருப்பார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், வக்கீல் குமாஸ்தாக்கள், அரிசி மூட்டையோடு வந்த பெண்கள், எல்லாருக்கும் தெரிந்த ஒரு முதுகு, எனக்குத்தான் புதிது. ஒருமுறை ஜெர்மனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பையன் இவர் வண்டியில் ஏறினான். யோனாஸ் என்று பேர், இவர் சோனாசு என்பார். அவனும் அவன் ஊரில் ரிக்ஷா ஓட்டுகிறவனாம். செல்போனில் படம் காட்டினானாம், முட்டை ஓடு மாதிரிக் கூண்டு வைத்த வண்டி, மாதா கோயில் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுவானாம், குளிர்காலத்தில் ஏறிக் குந்துகிற சவாரிக்குக் கம்பளி கொடுப்பானாம். டாக்காவில் ரிக்ஷாவுக்கு மயில், சினிமா நடிகை எல்லாம் வரைந்து வைப்பார்கள் என்று அதற்கும் படம் காட்டினான். இன்னொரு ஊரில், மலேசியாவோ வியட்நாமோ, சவாரி முன்னால் குந்துமாம், மிதிக்கிறவர் பின்னால். அதைக் கேட்டுவிட்டு வந்து இவர் இரண்டு நாள் அதையே பேசினார். "அங்க நாம சவாரியோட முதுகப் பாக்கணும்மே. சவாரிக்கு நம்ம மூஞ்சியே தெரியாது. இன்னா வண்டியோ" என்றார். கடைசியில் அந்தப் பையன் இவரைப் பின்னால் குந்தச் சொல்லிவிட்டு மண்ணடி வரைக்கும் தானே மிதித்தானாம். தெருவே நின்று பார்த்ததாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடும்போது இவர் சொன்னார், "பின்னால குந்துனா பயமா கீதுமே. எல்லாம் தெரியுது, கையில பிரேக்கு இல்ல." சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். அதனால்தான் நீ குந்துவதில்லையா என்று கேட்கிற பார்வை. நான் ரசம் ஊற்றினேன்.

பிரேக்கு இல்லை, உண்மைதான். என் வலது கை கூண்டின் கம்பியைப் பிடித்திருக்கிறது, விரல்கள் வெளுத்துப் போயிருக்கின்றன. கை விரல் பத்து, கால் விரல் பத்து, எண்ணிப் பார்க்கிற வயசா இது. இரண்டு விரல் போனால் என்ன ஆகும். செருப்பு நிற்காது என்றார்கள். நடக்கும்போது சாயுமாம். நின்றுகொண்டு கவர் ஒட்ட முடியாது, உட்கார்ந்து ஒட்டலாம், முதலாளி நல்லவர்தான், ஆனால் எவ்வளவு நாளைக்கு நல்லவராக இருப்பார். விரலை எடுத்தால் அதை என்ன செய்வார்கள், எங்கே போடுவார்கள், கேட்கலாமா, கேட்டால் பைத்தியம் என்பார்களா. சரளா பிறந்தபோது அவள் காலை முதலில் பார்த்தேன், பத்தும் இருந்தது, அவள் சுண்டு விரல் என்னுடையது மாதிரியே உள்பக்கமாக மடங்கியிருந்தது, அடையாளம் வைத்து அனுப்பினது மாதிரி. இந்த நினைப்பு எங்கே போனாலும் சுற்றிக்கொண்டு விரலுக்கே வந்து நிற்கிறது. வேறு எதையாவது பார். இவர் காலைப் பார். ரப்பர் செருப்பு, குதிகாலில் வெடிப்பு, பெடலின்மேல் பாதம் முழுக்க வைப்பதில்லை, விரல்களால்தான் அழுத்துகிறார், அழுத்தும்போது ஐந்து விரலும் விரிகின்றன, மேலே வரும்போது கூடுகின்றன, விரிகின்றன, கூடுகின்றன. இந்த மனுஷன் முப்பத்தாறு வருஷம் குடும்பத்தை விரலால் மிதித்து ஓட்டியிருக்கிறார். எனக்கு ஒருவிதமான நிறைவு, வயிறு நிறைய சாப்பிட்டதுபோல. காலை வெயில் இன்னும் சுடவில்லை. ஒரு வெங்காய வண்டிக்காரர் இவரைப் பார்த்து "இன்னா எத்திராசு, காலங்காத்தால நல்ல சவாரியா?" என்கிறார். "ரொம்ப நல்ல சவாரி. எறங்கவே மாட்டேங்குது" என்கிறார் இவர். என் முகம் சூடாகிறது. ஐம்பத்தெட்டு வயசில் வெட்கம் வேறு.

கல்யாணமான முதல் வாரம். இவர் வண்டியைக் கழுவி, இரண்டு பக்கமும் மல்லிகைச் சரம் கட்டி, வாசலில் நிறுத்தி மணியை அடித்தார், சினிமாவுக்குப் போகலாம் என்றார். நான் புதுப்புடவையில் வெளியே வந்து வண்டியைப் பார்த்தேன், பார்த்துவிட்டு "நான் நடந்தே வரேன்" என்றேன். "ஏன்?" "நடந்தே வரேன்." அவ்வளவுதான் பேச்சு. நான் ஓரமாக நடக்க, இவர் காலி வண்டியை என் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வர, மல்லிகைப்பூ மட்டும் ஜம்மென்று சவாரி வந்தது. வழியெல்லாம் ஜனங்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். ஆனால் திரும்பி வரும்போது பூவை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார், நான் பார்த்தேன். சரளாவைப் பெறப்போகும்போதும் வலியோடு நடந்தேன். அப்புறம் இவர் கேட்பதை நிறுத்திவிட்டார். நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்து, சொல்ல வேண்டியது பழசாகிவிட்டது, பழசான பிறகு அதைச் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. வால்டாக்ஸ் ரோடு வந்துவிட்டது. தாண்டினால் பாலம். யானைக்கவுனிப் பாலம். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும், ஆட்டோவில் இரண்டு தடவை போயிருக்கிறேன், ஆட்டோவில் போனபோது பாலம் ஒரு பாலமாகத்தான் இருந்தது. இப்போது எதிரில் எழுந்து நிற்கிறது.

இதே பாலம், அப்போது எனக்கு எட்டு வயசு. என் அப்பா கை ரிக்ஷா இழுத்தார், சைக்கிள் இல்லை, மாடு மாதிரி இரண்டு கட்டைக்கு நடுவில் நின்று ஓடவேண்டும். அம்மா கொடுத்த தூக்குவாளியில் கூழும் கருவாடும் எடுத்துக்கொண்டு பாலத்து ஓரமாகப் போனேன். அப்பா ஏறி வந்துகொண்டிருந்தார். வண்டியில் ஒரு ஆள். தடி ஆள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன், ஆனால் யோசித்தால் அவர் அப்படித் தடியும் இல்லை. கால்மேல் கால் போட்டு ஆரஞ்சுப் பழம் தின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு சுளையாக, நாரை உரித்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, வாயில் போட்டு, கொட்டையை ஓரமாகத் துப்பி. அப்பாவின் கழுத்து நரம்பு கயிறு மாதிரி. வாய் பிளந்திருந்தது. மார்பு தரையைத் தொடுகிற மாதிரிக் குனிந்திருந்தார். நான் "நைனா" என்று கூப்பிட்டேன். நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், நிச்சயமாகப் பார்த்தார், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ பிள்ளை என்பதுபோல. வண்டி என்னைத் தாண்டிப் போனது. அந்த ஆள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார், ஒரு சுளையை நீட்டினாரோ, அது நானாகச் சேர்த்ததோ, தெரியவில்லை. அன்றைக்கு நான் தீர்மானம் பண்ணினேன், செத்தாலும் மனுஷன் இழுக்கிற வண்டியில் குந்துவதில்லை என்று. ஆரஞ்சுப் பழமும் தின்பதில்லை. அப்பாவிடம் ஏன் திரும்பிக்கொண்டாய் என்று கேட்டதில்லை. கேட்டால் அவருக்கு வெட்கமாகிவிடும் என்று பயம், எட்டு வயசில் பயம், இருபது வயசில் பயம், அப்புறம் அவர் போய்விட்டார். போவதற்கு முன்னால் என்னை ஒரு ரிக்ஷாக்காரருக்கே கட்டிக் கொடுத்தார். வேண்டாமென்று சொல்லவில்லை, பிடித்துத்தான் கட்டிக்கொண்டேன். வண்டியில் குந்துவது வேறு, வண்டிக்காரரோடு வாழ்வது வேறு.

பாதி ஏற்றத்தில் பெடல் நின்றது. இவர் எழுந்து நின்று மிதித்தார், இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து நாலு மிதி, ஐந்து மிதி, அப்புறம் குதித்து இறங்கி, ஒரு கை ஹேண்டில்பாரிலும் ஒரு கை சீட்டிலுமாக இழுக்க ஆரம்பித்தார். குனிந்து. மார்பு முன்னால். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. இறங்கு பூங்காவனம், இறங்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நல்ல மனுஷர்கள் எல்லாம் இறங்கி நடப்பார்கள், சின்ன வயசிலிருந்து பாலத்தில் இறங்கி நடக்கிறவர்களை நான் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன், நூற்றுக்குப் பத்துப் பேர். வலது காலைக் கீழே வைக்கப் பார்த்தேன். "ஏய், இன்னா பண்றே? அசையாம குந்து. டாக்டரு கால கீழ வைக்கக்கூடாதுன்னு சொல்லிக்கிது இல்ல?" என்றார் திரும்பாமலே. எப்படித் தெரிந்தது? வண்டி அசைந்ததில் தெரிந்திருக்கும், சவாரி மனசில் நினைப்பது கூட ஹேண்டில்பாரில் தெரியும்போல. நான் குந்தியிருக்கிறேன். தலையணைமேல் கால் வைத்து. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மடியில் வைத்தேன், எடுத்தேன், பையைத் திறந்தேன், மூடினேன். ஐயோ, அந்த ஆளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ. கையை எங்கே வைப்பது, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் ஆரஞ்சு உரித்தாரோ. உரித்து உரித்து, வெளிச்சத்தில் பார்த்து. ஐம்பது வருஷமாக ஒரு ஆளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன், அவருக்கும் காலில் ஏதாவது இருந்திருக்குமோ. இருந்திருக்காது. இருந்திருக்கலாம்.

"இன்னா சத்தமே காணோம்? எதுனா பேசிக்கினே வாம்மே. சவாரி பேசிக்கினு வந்தா ஏத்தம் தெரியாது" என்றார் இவர், மூச்சு வாங்க. "பேசுனா உனக்குத்தான்யா மூச்சு வாங்கும்." "நான் எங்க பேசப்போறேன். நீ பேசு, நான் கேட்டுக்கினு வரேன்." பேசினேன். எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை, வாயிலிருந்து அது தானாக வந்தது. "யோவ், எங்கப்பா இந்தப் பாலத்துலதான்யா வண்டி இழுத்துச்சு." "தெரியுமே. மாமா சொல்லிக்கிது." "நான் பாத்தேன். எட்டு வயசுல. கூழு எடுத்துக்கினு வந்தேன்." சொன்னேன், தூக்கை, ஆரஞ்சை, நைனா என்று கூப்பிட்டதை, அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டதை, எல்லாம் அந்த முதுகிடம் சொன்னேன், முதுகாக இருந்ததால்தான் சொல்ல முடிந்தது. வண்டி நின்றது. இவர் பின்சக்கரத்துக்கு இடுப்பை முட்டுக் கொடுத்துக்கொண்டு திரும்பினார். முகமெல்லாம் வேர்வை. "அதான் குந்தலியா?" "அதான்." "அதான் இத்தினி வருசம்?" "ஆமா." இவர் பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா?" "இன்னா?" "உடு." "சொல்லுய்யா." "ரிக்ஷாக்காரன் பொண்டாட்டின்னு நாலு பேருக்குத் தெரியக்கூடாதுன்னு நீ நெனக்கிறியாக்கும்னு" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். கோபமே இல்லை, பழகிப்போன ஒரு சாமானை எடுத்துக் காட்டுவதுபோல. முப்பத்தாறு வருஷம் இவர் இதை வைத்துக்கொண்டு என்னோடு சாப்பிட்டிருக்கிறார், படுத்திருக்கிறார், காய்ச்சலில் எனக்கு நெற்றியில் துணி போட்டிருக்கிறார். "போய்யா" என்றேன். இவர் தோளைத் தொட்டேன், நடுப்பாலத்தில், பஸ் போகிற இடத்தில்.

அப்புறம் இவர் சொன்னது. "மாமா ஏன் திரும்பிக்கிச்சுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார். "வெக்கம்" என்றேன். "அடப்போம்மே. வெக்கமாம். ஏத்தத்துல தெரிஞ்ச மூஞ்சியப் பாக்கவே கூடாது. பாத்தா நின்னுடுவோம். நின்னா திரும்பக் கெளப்ப முடியாது, வண்டி பின்னால உருளும். அதும் பெத்த பொண்ணு நைனான்னு கூப்ட்டா? பாத்துக்கினே இருந்திருந்தா மாமா நின்னிருக்கும். உன்னத் தாண்டினதும் நின்னிருந்தா வண்டி உருண்டு உன் மேலயே வந்திருக்கும்." இவ்வளவுதான். தொழில் தெரிந்தவர் தொழிலைச் சொல்கிறதுபோலச் சொன்னார். எனக்குள் எட்டு வயசுப் பெண் ஒருத்தி தூக்கை ஏந்திக்கொண்டு நின்றவள், அப்படியே தரையில் குந்திவிட்டாள், கால் வலித்து. அப்பா என்னைத் தெரியாது என்று திரும்பவில்லை. தெரியும் என்பதால் திரும்பினார். நிஜமா, இவர் என் மனசுக்காகச் சொல்கிறாரா? முகத்தைப் பார்த்தேன். இவருக்குப் பொய் சொல்லத் தெரியாது, சொன்னால் காது ஆடும். ஆடவில்லை. "இப்ப நீ நின்னுட்டியே" என்றேன். "ஆமாம்ல, நின்னுட்டேன்" என்றார். அதற்குள் பின்னால் சாமான் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் கத்தினார், "அண்ணே, பொண்டாட்டிகிட்ட வூட்ல போயி பேசிக்கண்ணே! ஏத்தத்துல பேச்சு இன்னா பேச்சு!" அவர் வண்டியும் எங்களால் நின்றுவிட்டது, அதில் ஒரு ஃப்ரிட்ஜ் கயிறு கட்டி நின்றது. கத்தினாலும் ஆள் நல்லவர். தன் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்து எங்கள் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினார், இவர் முன்னாலிருந்து இழுத்தார், உச்சிக்கு வந்ததும் இவர் என்னை ஓரமாக நிறுத்திவிட்டு அவர் வண்டியைத் தள்ள ஓடினார்.

பாலத்து உச்சியில் தனியாக நான். கீழே தண்டவாளங்கள் பின்னலை அவிழ்த்துப் போட்டதுபோலக் கிடக்கின்றன, ஒரு ரயில் மெதுவாக சென்ட்ரலுக்குள் நுழைகிறது, கதவில் நிற்கிற ஒரு பையன் கைகாட்டுகிறான், எனக்கில்லை, பாலத்துக்கு. நானும் காட்டினேன். காற்று அடிக்கிறது. கட்டுக்குள்ளே விரல் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்காமல் ஒரு நிமிஷம் போயிருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. பயம் திரும்பி வந்தது, ஆனால் சின்னதாக, தெரிந்த ஆள் மாதிரி வந்து பக்கத்தில் குந்தியது. வந்தால் வரட்டும். இடம் இருக்கிறது, இரண்டு பேர் குந்துகிற சீட்டுத்தானே. இவரும் மீன்பாடிக்காரரும் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், இரண்டு பேருக்கும் வாய் ஓயவில்லை, ஏற்றத்தில் பேசக்கூடாது என்றவரே பேசுகிறார். "யாருக்கு இன்னா கால்ல?" என்று அவர் கேட்க, "என் சம்சாரத்துக்கு" என்று இவர் சொல்வது காற்றில் வந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கிற அறைக்குள் பெண்களோடு ஆண்கள் வரக்கூடாது, இவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சக்கர நாற்காலியில் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், மருந்து வாசனை, யாரோ ஒரு கிழவி மெல்லிய குரலில் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். துணியைத் தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிரித்தார்கள். நான் மேலே கூரையைப் பார்த்தேன், அதில் ஈரம் ஊறின ஒரு கறை, ஊர்ப் படம் மாதிரி. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன், எதை எண்ணினேன் என்று தெரியவில்லை. அதே டாக்டரம்மா, சின்னப் பெண், சரளாவைவிட இளையவள், குனிந்து பார்த்தாள், ஏதோ கம்பியால் சுரண்டினாள். திடீரென்று சுருக்கென்றது. "ஆ" என்றேன். அவள் நிமிர்ந்தாள், சிரித்தாள். "வலிச்சுதா?" "வலிச்சுதும்மா." "நல்லா வலிச்சுதா?" "ஆமாம்மா." "ரொம்ப நல்லது. இங்க பாருங்க, ரத்தம் வருது. இது நல்ல ரத்தம். விரல் ரெண்டும் நிக்கும். சுண்டு விரல் நுனி மட்டும் கொஞ்சம் யோசனையா இருக்கு, அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாள். வலித்ததற்காக ஒருத்தி என்னிடம் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. குனிந்து பார்த்தேன். அசிங்கமாகத்தான் இருந்தது, கறுப்பும் வெள்ளையுமாக, ஆனால் நடுவில் சிவப்பு, கொய்யாப்பழத்தை உடைத்தாற்போல ஒரு சிவப்பு. என் விரல். இன்னும் ஒன்றரை மாசம் தரையில் வைக்கக்கூடாது என்றாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை வரவேண்டும் என்றாள். "எதுல வருவீங்க?" என்று கேட்டாள். "வண்டி இருக்குதும்மா" என்றேன்.

வாசல்படிக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்திவிட்டு ஆயாம்மா போய்விட்டாள். எதிரில் தூங்குமூஞ்சி மரம், அதன் நிழலில் எங்கள் வண்டி, வண்டியில் நான் குந்தின இடத்தில் இவர். தூங்குகிறார். தலை கூண்டுக் கம்பியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கை இரண்டும் மடியில், மரத்தின் பூ ஒன்று சட்டைப்பைமேல் விழுந்து கிடக்கிறது. எழுப்பிச் சொல்லவேண்டும். விரல் ரெண்டும் நிக்குதாம்யா என்று. சொன்னால் என்ன செய்வார், ஒன்றும் செய்யமாட்டார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார், அந்தத் துடைப்பில் எல்லாம் இருக்கும். சொல்லாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் கனமாக இருந்தது, இது கனமாக இல்லை, வாயில் போட்ட கல்கண்டு மாதிரி, ஐயோ கல்கண்டு கூடாது, சரி, கொய்யாப்பழம் மாதிரி. பெரிய பையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மாள் வந்தாள், கூடவே கையில் கட்டுப்போட்ட ஒருவர். வண்டியைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்துக் கேட்டாள், "ஏம்மா, இந்த ரிக்ஷா சூளைக்கு வருமா? ஆளு தூங்குறாரே, எழுப்பட்டுமா?" படிக்கட்டில் பத்துப் பேர் குந்தியிருந்தார்கள். என் குரல் நானே எதிர்பார்க்காத அளவுக்குச் சத்தமாக வந்தது. "எழுப்பாதீங்கம்மா. எங்க வீட்டுக்காரர் வண்டி. சவாரி நான்தான்."